சிறு மோதலுக்குப் பிறகு சாலையோரத்திலேயே கேட்டு வாங்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். போன வாரம் மாலை, பெருங்களத்தூருக்கு அருகே ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலில் நின்றிருந்த உங்கள் காரைப் பின்னால் வந்த ஒரு மஞ்சள் போர்டு கார் இடித்தது. பம்பர் உடைந்தது, டிக்கிக் கதவு சற்று உள்வாங்கியது, யாருக்கும் காயமில்லை. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார், செலவை ஏற்பதாகச் சொன்னார், ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அந்த எண்ணில் அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார். உங்களிடம் இருப்பது அந்தக் காரின் பதிவெண் தெரியும் ஒரு படம் மட்டும். அந்த இடத்தில் எதைக் கேட்டிருக்க வேண்டும், இனி என்ன வழி என்பது உங்கள் கேள்வி.

மோட்டார் காப்பீட்டு இழப்பீடுகளைப் பரிசீலிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிவெண் உங்களிடம் இருப்பதால் வழி அடைபட்டுவிடவில்லை. ஆனால் அந்த மாலையில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய ஒன்று இனி பல வாரங்களை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைப் படிக்கும் பலருக்கு இன்னும் விபத்து நேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 132ஆவது பிரிவின்படி, விபத்தில் தொடர்புடைய வாகனத்தின் ஓட்டுநர், பாதிக்கப்பட்டவர் கேட்டால் தன் பெயரையும் முகவரியையும், வாகன உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கேட்பவரும் தன் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். பாலிசி விவரத்தைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. ஆனால் அதே சட்டத்தின் காப்பீடு பற்றிய அத்தியாயத்தில், மூன்றாம் நபருக்கான, அதாவது தன் வண்டியால் பாதிக்கப்பட்ட மற்றவருக்கான பொறுப்பு தொடர்பாக ஒருவர்மீது இழப்பீட்டுக் கோரிக்கை வைக்கப்படும்போது, தான் காப்பீடு செய்திருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்ல அவர் மறுக்கக் கூடாது என்றும், செய்திருந்தால் காப்பீட்டுச் சான்றிதழில் உள்ள விவரங்களைத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே சாலையோரத்தில் "இன்சூரன்ஸைக் காட்டுங்கள்" என்று அதிகாரமாகக் கேட்பதைவிட, "என் வண்டிக்குச் சேதம் ஆகியிருக்கிறது, அதற்காக உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிக்கை வைக்கப்போகிறேன், அதற்கு இந்த விவரங்கள் வேண்டும்" என்று சொல்வது சட்டப்படியும் சரியானது, மனிதரை மனிதர் அணுகும் முறையிலும் சரியானது.

இதில் என் அனுபவம் ஒன்று உண்டு. முதலில் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயர், முகவரி, பாலிசியின் முதல் பக்கம் ஆகியவற்றை நீங்களே எடுத்துக் காட்டிவிட்டு எதிரிலிருப்பவரிடம் கேட்டால், பெரும்பாலும் அவரும் எடுத்துக் காட்டுகிறார். குரலை உயர்த்திக் கேட்டால் கூட்டம் கூடுகிறது, ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறது, கேட்க வேண்டியது கேட்கப்படாமலே போகிறது. வாடகைக் கார் ஓட்டுபவர் என்றால் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. சேதத்தின் செலவை முதலாளி தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார் என்ற பயத்திலேயே அவர் எண்ணை மாற்றிச் சொல்லக்கூடும். உரிமையாளரின் காப்பீட்டிலிருந்து இந்தச் செலவைப் பெற வழி இருக்கிறது என்பதை அமைதியாக எடுத்துச் சொன்னால் அந்தப் பயம் பாதி குறையும்.

எதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பார்ப்போம். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பு, அபாய எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுவிட்டு, இரண்டு வண்டிகளும் பதிவெண்களும் சாலையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி சில படங்கள் எடுக்க வேண்டும். அருகில் உள்ள கடைப் பலகையோ, மேம்பாலத் தூணின் எண்ணோ, சிக்னலோ அதில் விழுந்தால் இடத்தைப் பற்றிய தகராறு பின்னால் எழாது. இதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. பிறகு இரண்டு வண்டிகளையும் ஓரமாக நிறுத்திவிட்டுச் சேதத்தை அருகிலிருந்து படமெடுக்கலாம். உங்கள் வண்டியின் சேதத்தை மட்டுமல்ல, எதிர் வண்டியின் சேதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று ஒரு கீறலாக இருந்தது, ஒரு மாதம் கழித்து வரும் கோரிக்கையில் உடைந்த விளக்காகவும் நசுங்கிய கதவாகவும் வளர்ந்திருப்பதை நான் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஓட்டுநரின் லைசென்ஸ். அதன் படம் ஏன் வேண்டும் என்று பலர் கேட்பார்கள். விபத்து நேரத்தில் ஓட்டியவரிடம் அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா என்பதுதான் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்க்கும் விஷயம். ஓட்டியவர் யார் என்பது அன்றே பதிவாகிவிட்டால், பின்னால் வேறொருவர் ஓட்டினார் என்று சொல்ல இடமிருக்காது. அதன் பிறகு ஆர்.சி. ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்பதால் இரண்டு பெயர்களும் தேவை. வண்டி கைமாறி, ஆர்.சி.யில் பழைய உரிமையாளரின் பெயரே இருந்தால் குழம்ப வேண்டாம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆவணங்கள் கையில் இல்லை என்பவர்கள் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டலாம், அவையும் செல்லும்.

பாலிசியில் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற மூன்றும் வேண்டும். பெரும்பாலோர் எண்ணைக் குறித்துக்கொண்டு தேதியை விட்டுவிடுகிறார்கள். காலாவதியான பாலிசியின் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இங்கே இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகியது. அதையடுத்து 2019இல் தன் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளும் வசதியும் வந்தது. இதனால் ஒரே காருக்கு மூன்றாம் நபர் பாலிசி ஒரு நிறுவனத்திலும் சொந்தச் சேதப் பாலிசி வேறொரு நிறுவனத்திலும் இருக்கலாம். உங்கள் வண்டியை இடித்தவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது மூன்றாம் நபர் பாலிசியின் விவரத்தை. அவர் காட்டுவது சொந்தச் சேதப் பாலிசி மட்டும் என்றால், அதன் கீழ் உங்கள் சேதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது.

கைபேசி எண்ணைப் பொறுத்தவரை, சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளாமல், அந்த இடத்திலேயே அந்த எண்ணுக்கு அழைத்து அவர் கையில் மணி அடிப்பதைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் நழுவிப்போனது இந்த ஒரு நிமிட வேலைதான். சாட்சியாக யாராவது நின்றிருந்தால் அவர்கள் பெயரையும் எண்ணையும் பணிவாகக் கேட்கலாம். உங்கள் காரில் டேஷ் கேமரா இருந்தால் அந்தப் பதிவு அழிந்துபோவதற்குள் தனியே சேமித்து வையுங்கள்.

கேட்கக் கூடாதவையும் இருக்கின்றன. ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகிய எதுவும் இந்தப் பரிமாற்றத்துக்குத் தேவையில்லை. நீங்களும் தராதீர்கள், அவரிடமும் கேட்காதீர்கள். எதிர் வண்டியின் சாவியையோ ஓட்டுநரின் அசல் லைசென்ஸையோ பணம் தரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தனி மனிதர் எவருக்கும் அந்த அதிகாரம் இல்லை. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் ஒரு விஷயத்தில் புகார் உங்கள்மீது திரும்பும் அளவுக்கு அது போய்விடும்.

யார் தவறு என்ற பேச்சையும் அங்கே தவிர்க்க வேண்டும். இதை நான் வெறும் நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. நம் நாட்டின் மோட்டார் பாலிசிகளில், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் காப்பீடு செய்தவர் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ, தருவதோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. ஆகவே "என் தவறுதான், முழுச் செலவையும் நானே தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் தன் காப்பீட்டின் பாதுகாப்பைத் தானே பலவீனப்படுத்திக்கொள்கிறார். வருத்தம் தெரிவிப்பதில் தவறில்லை. நடந்ததை எழுதலாம், தீர்ப்பை எழுத வேண்டாம்.

காயம் ஏற்பட்டிருந்தால் மேலே சொன்ன எல்லாமே இரண்டாம் பட்சம். 108க்கு அழைத்து மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதே முதல் கடமை. யாராவது காயமடைந்தாலோ மூன்றாம் நபரின் சொத்து சேதமடைந்தாலோ 134ஆவது பிரிவு பொருந்தும். போலீஸ் அதிகாரி அங்கே இல்லாவிட்டால், இயன்றவரை விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஓட்டுநர் தகவல் தர வேண்டும். பாலிசி எண், அதன் காலம், விபத்தின் நாள், நேரம், இடம், ஓட்டுநரின் லைசென்ஸ் விவரம் ஆகியவற்றைத் தன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் கடமையைச் செய்யத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காயம் இல்லாத மோதலுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது, சொத்துச் சேதம் என்ற சொல் அதில் இருக்கிறது.

இனி, இத்தனை விவரங்களை வாங்கினாலும் உண்மையில் யார் பணம் தருவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் முழுக் காப்பீடு இருந்தால், நடைமுறையில் உங்கள் சொந்த நிறுவனம்தான் உங்கள் வண்டியைப் பழுது பார்க்கப் பணம் தரும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதன்படி அவரவர் தம் வாடிக்கையாளரின் வண்டிச் சேதத்தைத் தாமே ஏற்றுக்கொள்கிறார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் வசூலிப்பதில்லை. எதிராளியின் நிறுவனத்தில் கேட்டால் உங்கள் நிறுவனத்துக்கே போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் அது நிறுவனங்களுக்கிடையே உள்ள ஏற்பாடு. எதிராளியிடம் சட்டப்படி இழப்பீடு கேட்க உங்களுக்குள்ள உரிமையை அது பறித்துவிடாது. ஒரே செலவை இரண்டு இடத்திலும் வாங்கக் கூடாது என்பது மட்டுமே வரம்பு.

சொந்த நிறுவனத்தில் கேட்பது எப்போதும் லாபமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உங்கள் கார் நான்கு ஆண்டுப் பழையது, 1500 சி.சி.க்கு உட்பட்டது, தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு அதற்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 6,000, பெயின்ட் 4,000, கூலி 1,500, ஆக மொத்தம் 11,500 ரூபாய். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள், அதனால் பம்பருக்கு 3,000. பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 500 ரூபாய், மீதி 3,500. கூலி முழுவதும் 1,500. இந்த 8,000 ரூபாயிலிருந்து கட்டாயப் பிடித்தமான 1,000 போக உங்கள் கைக்கு வருவது 7,000.

இப்போது நோ க்ளெய்ம் போனஸை, அதாவது கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியைப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும், ஒரு க்ளெய்ம் வந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும். நீங்கள் இப்போது 35 விழுக்காட்டில் இருக்கிறீர்கள், சொந்தச் சேதப் பிரீமியம் போனஸுக்கு முன்பு 9,000 ரூபாய், அது மாறுவதில்லை என்று கொள்வோம். க்ளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் 45, 50, 50, 50, 50 கிடைக்கும். செய்தால் 0, 20, 25, 35, 45. வித்தியாசங்களைக் கூட்டினால் 120 விழுக்காடு, அதாவது 10,800 ரூபாய். 7,000 வாங்குவதற்காக 10,800 இழக்கிறீர்கள். வண்டியின் மதிப்புக் குறையக் குறையப் பிரீமியமும் குறையும் என்பதால் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம், ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது. உங்கள் டிக்கிக் கதவும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தாலோ, போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு உங்களிடம் இருந்தாலோ கணக்கு தலைகீழாகும். ஒர்க் ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கிய பிறகே முடிவெடுங்கள். க்ளெய்ம் செய்வதாக இருந்தால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பதற்கு முன்பு எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது.

இந்தக் கணக்கினால்தான் பலர் சாலையிலேயே ரொக்கமாக முடித்துக்கொள்கிறார்கள். சின்னக் கீறல்களுக்கு அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுத்தவர் அதைத் தன் காப்பீட்டு நிறுவனத்திடம் திரும்பக் கேட்க முடியாது, காரணத்தை மேலே சொன்னேன். பணத்தை வாங்கிக்கொண்டு, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தவரும் அதே சேதத்துக்காகத் தன் நிறுவனத்தை அணுக முடியாது, ஏனென்றால் எதிராளியிடமிருந்து வசூலிக்கும் உரிமையை அவர் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டார். ஆகவே தொகை நியாயமானதா என்பது தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். எழுதுவதானால் நாள், நேரம், இடம், இரண்டு பதிவெண்கள், பெற்ற தொகை, எந்தச் சேதத்துக்காக என்பது ஆகியவற்றை மட்டும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து இடிபட்டவர்களுக்குக் கழுத்து வலி சில சமயம் மறுநாள்தான் தெரியவரும். ஆகையால் "உடல் காயத்துக்கும் இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்ற வரி எந்தத் தாளிலும் இடம்பெற விடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்தப் பதிவெண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள், வண்டியின் வகையும் காப்பீடு எதுவரை செல்லும் என்பதும் தெரியும். உரிமையாளரின் பெயர் சில எழுத்துகள் மறைக்கப்பட்டே வரும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை அறிய, இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் வி-சேவா என்ற சேவை உள்ளது, விபத்துக்குள்ளான வண்டியின் பதிவெண்ணையும் விபத்து விவரத்தையும் தந்து அதில் தேடலாம். அடுத்து, விபத்து நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமான புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், ஓட்டுநர் எண் கொடுத்து நம்பச் சொன்னதையும் அந்த எண் பொய்த்ததையும் தாமதத்துக்கான காரணமாக எழுதுங்கள். இழப்பீடு கேட்க உரிமையுள்ளவர் எழுதிக் கேட்டால், விபத்தில் சம்பந்தப்பட்ட வாகனத்தைப் பற்றியும் அதை அப்போது பயன்படுத்தியவரைப் பற்றியும் தம்மிடம் உள்ள தகவலைத் தரக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் பதிவு அதிகாரியும் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். ஆகவே அதே விண்ணப்பத்தின் நகலை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கொடுக்கலாம்.

உரிமையாளரின் முகவரி கிடைத்ததும் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். படங்களையும் எஸ்டிமேட்டையும் இணைத்து, இது இழப்பீட்டுக் கோரிக்கை என்பதையும், மூன்றாம் நபர் பாலிசியின் விவரத்தைத் தர வேண்டும் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். நான் பார்த்தவரை, ஓட்டுநர் சொல்லாமல் விட்டதால் விபத்து நடந்ததே தெரியாத உரிமையாளர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் தாமாகவே பேசி முடித்திருக்கிறார்கள். முடிக்காவிட்டால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, சொத்துச் சேதத்துக்கும் அங்கே மனு செய்யலாம். கார் போன்ற வாகனங்களின் மூன்றாம் நபர் பாலிசியில் சொத்துச் சேதத்துக்கான வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். பிரீமியத்தைக் குறைப்பதற்காக அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்படியிருந்தால் 6,000க்கு மேற்பட்ட தொகையை உரிமையாளரிடமிருந்துதான் பெற வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பம்பருக்காக வழக்கறிஞர் செலவு செய்வது கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும். மாற்ற வேண்டியது பம்பர் மட்டும் என்றால் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளவே நான் சொல்வேன், டிக்கிக் கதவின் உள்சட்டமும் வளைந்திருந்தால் மனு வரைக்கும் போகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக இன்றே ஒரு வேலை இருக்கிறது. க்ளெய்ம் செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தாலும், உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் விபத்தைத் தெரிவித்துவிடுங்கள். இது தகவலுக்காக மட்டுமே, சொந்தச் சேதத்துக்கு இப்போது கோரிக்கை வைக்கவில்லை என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அந்த மஞ்சள் போர்டு காரின் முன்பக்கமும் சேதமடைந்திருக்கும். நீங்கள் திடீரென்று பின்னோக்கி எடுத்தீர்கள் என்று அந்த உரிமையாளர் நாளை ஒரு கோரிக்கையோடு வந்தால், உங்களுக்காகப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் மூன்றாம் நபர் பாலிசியை வழங்கிய நிறுவனம்தான். உங்களுக்கும் இரண்டு நிறுவனங்களில் பாலிசி இருந்தால் இரண்டுக்குமே அனுப்புங்கள்.